பெயருக்குப் பதிலாக ஒரு சொல்

ஓன் என்றால் அவன். அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. இத்தனை பேருக்கு நடுவில் நின்று நான் அதை உரக்கச் சொன்னாலும் ஒருத்தருக்கும் விளங்காது. தும்முகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓன் வருகிறான். கூடவே அனா வருகிறாள். அனா என்றால் அவள். இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னால் அனீ, அவர்கள். யா என்றால் நான். இந்த யா இப்போது எங்கே போய் நிற்கும்?

போடி ரயில் நிலையத்தில் மதுரை ரயிலுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நின்றபடி செல்லக்கிளி மனசுக்குள் ரஷ்யப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஆவணி மாதத்துக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. பக்கத்தில் அவள் அப்பா கண்ணுச்சாமி துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். சற்றுத் தள்ளி அத்தை சுந்தரம்மாள் நின்றாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. தாயில்லாத செல்லக்கிளிக்குத் தலை வாரி, சடை பின்னி, பாவாடை கட்டிவிட்டு வளர்த்தவள். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அத்தையின் ஒரே மகன் ராஜாராம்தான் வருகிறான். ஏழு வருஷத்துக்கு முன்னால் உதவித்தொகை கிடைத்து ரஷ்யாவுக்கு டாக்டர் படிப்புக்குப் போனவன். படித்து முடித்து, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணமும் செய்துகொண்டு வருகிறான். போன வாரம் சென்னையில் வந்து இறங்கியதும் அப்பாவின் ஏலக்காய்க் கோடவுனுக்கு டிரங்க் கால் போட்டு, "மாமா, கூட ஒருத்தி வர்றா, கல்யாணம் முடிஞ்சிருச்சு" என்று சொன்னான். அப்பா, "சரி, லைன் சரியில்ல" என்று போனை வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற செல்லக்கிளிக்கே அவன் குரல் கேட்டது.

அத்தை மகன் ராஜாராமுக்குத்தான் மாமன் மகள் செல்லக்கிளி என்பது அவள் பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம். பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் மற்றப் பிள்ளைகள் அவளை "ராஜாராம் பொண்டாட்டி" என்று சொல்லித்தான் அழவைப்பார்கள். வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். அவுக, அத்தை வீட்டு அவுக, மெட்ராஸ் போன அவுக, ரஷ்யா போன அவுக. கடைவீதியில் ராஜாராம் என்று ஒரு தையல்காரர் இருந்தார். அவரைக்கூட அவள் "புளியமரத்து டெய்லர்" என்றுதான் சொல்வாள். கடைக்குப் பக்கத்தில் இருந்த புளியமரத்தை வெட்டிய பிறகும் அப்படியேதான் சொன்னாள்.

அவன் போன இரண்டாம் வருஷம், மதுரைப் பொருட்காட்சியில் ரஷ்யப் புத்தகங்கள் விற்ற கடையில் கெட்டி அட்டை போட்ட ஒரு பாடப் புத்தகத்தை அவள் வாங்கி வந்தாள். ரஷ்ய மொழி புதிதாகக் கற்பவர்களுக்கானது. இங்கிலீஷில் விளக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துத் தட்டுத்தடுமாறி எழுத்துக்களைப் படித்தாள். பிறகு வந்தது பெயருக்குப் பதிலாக வரும் சொற்களின் பாடம். யா, தி, ஓன், அனா, மி, வி, அனீ. அந்தப் பக்கத்தில்தான் அவள் நின்றுபோனாள். ஒருத்தியும் ஒருத்தனும் ஒரு பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படம் அங்கே இருந்தது. யா என்றால் நான். தி என்றால் நீ. நீ! அவனைப் பார்த்து நீ என்று சொல்ல இந்தப் பிறவியில் வழியில்லை என்று நினைத்திருந்தவளுக்கு, அந்த ஒற்றைச் சொல்லை வாய்க்குள் உருட்டும்போது காது மடல் சூடாகும். அடுத்த பாடம் மேசை, விளக்கு, தொப்பி, சீப்பு என்று போனது. புரட்டிப் பார்த்தாள். என்னுடைய சீப்பு, உன்னுடைய தொப்பி. அதெல்லாம் அவளுக்கு எதற்கு?

ஆனால் ஊருக்கு அது தெரியாது. கோடவுனில் காய் பொறுக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாக அவள் உட்கார்ந்திருக்கும்போது கருத்தம்மா தொடங்குவாள். "ஏ ரஷ்யாக்காரி, உன் புருசன் ஊர்ல இப்ப என்ன பொழுது? பனியா பேயுது?" இன்னொருத்தி, "சும்மா இருடி, அவ அந்தப் பாஷையில வஞ்சான்னா நமக்கு என்னன்னு தெரியும்?" என்பாள். சிரிப்பில் ஏலக்காய்த் தட்டுகள் குலுங்கும். எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும் என்று செல்லக்கிளி ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சேர்த்து வைத்துக்கொண்ட அந்தப் பொய்தான் பின்னால் அவளை வந்து பிடித்தது.

ரயில் வந்து நின்றது. முதலில் பெட்டிகள் இறங்கின. பிறகு ராஜாராம். முன்நெற்றியில் முடி போயிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவன் முன்னாலும் இப்படித்தான் தரையைப் பார்ப்பானா என்று செல்லக்கிளி யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அது வராததே அவளுக்குப் பயமாக இருந்தது. அவனுக்குப் பின்னால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிவந்த முகமும் தவிட்டு நிறக் கூந்தலுமாக அந்தப் பெண் இறங்கினாள். சேலை கட்டியிருந்தாள். கொசுவம் முழங்கால் வரை ஏறிக் கிடந்தது. பெயர் ராயா.

அத்தை ஒரு அடி முன்னால் வைத்தாள், நின்றுவிட்டாள். ராஜாராம் ஒவ்வொருவராகக் காட்டித் தன் மனைவிக்கு ரஷ்ய மொழியில் சொன்னான். அம்மா, மாமா. செல்லக்கிளியிடம் வந்தபோது அவன் பார்வை அவள் கால்விரலுக்குப் போனது. "சிஸ்த்ரா" என்றான்.

ஜீப்பில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் மொக்கச்சாமிக்கு வாய் சும்மா இருக்காது. "சிஸ்டருங்குறாரு போல" என்றான்.

அப்பாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. "என்னப்பு சொன்ன?" என்றார் ராஜாராமைப் பார்த்து. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இல்ல மாமா... அந்த ஊர்ல மாமா மகளையும் அப்படித்தான் சொல்லுவாங்க. வேற வார்த்தை கெடையாது."

"சரி. நம்ம ஊர்ல என்னன்னு சொல்லுவோம்னு அவகிட்டச் சொன்னியா?"

ராஜாராம் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தான். கட்டிக்கொள்ளும் முறையில் இருப்பவளை உடன்பிறந்தாள் என்று வாயால் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச ஒன்றுமில்லை. பச்சைப்பிள்ளைகூட விளையாட்டுக்கு அப்படிச் சொல்லாது. சொன்னால் பெரியவர்கள் வாயில் அடிப்பார்கள். அந்தப் பெண் ராயா மட்டும் ஒன்றும் தெரியாமல் செல்லக்கிளியின் கையைப் பிடித்துச் சிரித்தாள். ஈரமான, மெத்தென்ற கை.

அன்றைக்கு ஜீப்பில் ஏறாமல் அப்பா நடந்தே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் தங்கை வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

ராயாவுக்கு போடி வெயிலும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த சில நாளில் உடம்பெல்லாம் தடித்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்து, படுத்துவிட்டாள். ராஜாராம் அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பட்டத்தைப் பதிவு செய்யவும் வேலைக்கு அலையவும் சென்னைக்கு ரயிலேறினான். போகும்போது, "மாமாகிட்ட நீயே பேசும்மா" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனானாம். அத்தை கோடவுனுக்கு வந்தாள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, மலை வீடு சும்மாத்தான கெடக்கு. அவளக் கொஞ்ச நாளைக்கு அங்க விட்டா உடம்பு தேறும். எனக்கு அவ பேசுறது ஒண்ணும் விளங்கல. நம்ம செல்லம் கூட இருந்தா..."

அப்பா மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று அந்தப் பார்வையில் இருந்தது. செல்லக்கிளி சரி என்று தலையசைத்தாள். ஏன் அசைத்தாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அந்த அனாவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அது இரக்கம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

குரங்கணி வரை ஜீப்பு போகும். அங்கிருந்து மேலே ஏறினால், ஏலச்செடிகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட அப்பாவின் தோட்ட வீடு. பக்கத்திலேயே பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோர். காயெடுப்புக் காலமாதலால் அடுப்பு அணையாமல் எரிந்தது. புகையும் ஏலக்காய் மணமும் சுவரில், போர்வையில், சோற்றில் எல்லாம் ஏறியிருந்தன. சமைத்துப் போட குருவம்மாள் இருந்தாள். முதல் நாளே அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏத்தா செல்லம், இந்த ராயம்மாகிட்ட ரசம் ஊத்தவா மோர் ஊத்தவான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

செல்லக்கிளி ராயாவைப் பார்த்தாள். ராயா ஆவலோடு செல்லக்கிளியைப் பார்த்தாள். சீப்பையும் தொப்பியையும் தாண்டிப் படித்திருந்தால் ரசம் வந்திருக்குமோ என்னவோ. அவள் இரண்டு சட்டியையும் காட்டினாள். ராயா மோரைக் காட்டினாள். "அம்புட்டுத்தானா? இதுக்கா ஒரு புஸ்தகம்?" என்று குருவம்மாள் சிரித்தாள்.

ஆனாலும் நாள் போகப் போக இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு உண்டாயிற்று. யா, தி, ஓன், அனா. மீதிக்குக் கை இருந்தது. யா என்று வயிற்றைத் தடவினால் பசி. தி என்று கண்ணை மூடிக் காட்டினால் நீ தூங்கு. மழை வந்தால் ராயா கூரையைக் காட்டி, "ஓன்" என்பாள். செல்லக்கிளிக்கு முதலில் தூக்கிவாரிப்போட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலுக்கு ஓடினாள். ராயா விழுந்து விழுந்து சிரித்தாள். மழையும் ஓன்தானாம். மேசையும் ஓன், அடுப்படியில் கிடந்த கடுவன் பூனையும் ஓன், கீழே புள்ளியாகத் தெரிந்த ஜீப்பும் ஓன். மலை மட்டும் அனா.

செல்லக்கிளியும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தனியாகப் போய் முகம் கழுவினாள். இத்தனை வருஷம் ஒரு மூட்டைக்குள் ஒரு காயைப்போல அந்தச் சொல்லை அவள் ஒளித்து வைத்திருந்தாள். அவன் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் அவனுக்கென்றே அதை வைத்திருந்தாள். அந்த ஊரில் அதைக் கடுவன் பூனைக்கும் கொடுக்கிறார்கள். சரி, கொடுக்கட்டும். அதனால் எனக்கு என்ன குறைந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். குறைந்தது போலத்தான் இருந்தது.

காலையில் எழுந்ததும் ராயா பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஓன்?" என்று கேட்பாள். அந்த ஓன் மழை இல்லை, பூனை இல்லை. குரல் இறங்கியிருக்கும். செல்லக்கிளி இல்லை என்று கையை விரிப்பாள். அப்போது ராயா ஏதோ நீளமாகச் சொல்வாள், அதில் "மி, மி" என்று வரும். மி என்றால் நாம். அல்லது நாங்கள். ராயாவும் அவனும் சேர்ந்த நாங்களா, இங்கே பாதையைப் பார்த்து நிற்கும் இரண்டு பெண்களும் சேர்ந்த நாமா? கேட்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஒரு பிற்பகல், இரண்டு பேரும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து உலர்ந்த காயின் காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ராயா தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் காட்டினாள். "யா, ஓன்" என்று மோதிரத்துக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு செல்லக்கிளியின் வெறும் விரலைத் தொட்டு, "தி?" என்றாள். புருவத்தைத் தூக்கி, "ஓன்?" என்றாள். உனக்கு? உனக்கென்று ஒருவன்?

கேட்பவள் முகத்தில் கள்ளம் இல்லை. நாத்தனாரிடம் கேலி பேசுகிற முகம். ஊரில் உள்ள அத்தனை பேரும், கருத்தம்மாவும் மொக்கச்சாமியும் புளியமரத்து டெய்லரும் அறிந்த ஒன்றை இவள் ஒருத்தி மட்டும் அறியாமல் கேட்கிறாள். செல்லக்கிளி தட்டைப் பார்த்துக்கொண்டு, "நியெத்" என்றாள். இல்லை. சொன்ன பிறகு அது பொய்யா நிஜமா என்று அவளுக்குள் ஒரு வழக்கு ஓடத் தொடங்கியது. ஓன் இருந்தானா? எப்போது இருந்தான்? என்னிடம் நேருக்கு நேராக அவன் கடைசியாகப் பேசிய வார்த்தை எது? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ரஷ்யாவுக்குப் புறப்பட்ட அன்று, "மாமா எங்க? குடை கொண்டா" என்றுதான் சொன்னான். குடையைக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அத்தை மலையேறி வந்தாள். மூச்சு வாங்க, புடவையில் சேறு அப்ப, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பின்னாலேயே அப்பாவும் வந்தார். தங்கையோடு பேசிக்கொண்டு வரவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. ஸ்டோரில் அடுப்பைப் பார்ப்பதுபோல் போய் நின்றுகொண்டார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது அப்போதே செல்லக்கிளிக்கு லேசாகத் தட்டுப்பட்டது.

அத்தை அவளைச் செடிகளுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ராயா வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, நான் சுத்தி வளைச்சுப் பேசல. இந்தப் பிள்ளை இங்க இருக்க முடியாது. உனக்கே தெரியும். இந்தத் தண்ணி ஒத்துக்கல, இந்தச் சோறு ஒத்துக்கல. அவளா ஒரு முடிவெடுத்து அவ ஊருக்குப் போயிட்டான்னா யாரையும் யாரும் தப்புச் சொல்ல முடியாது."

"அவுக அப்பிடி நெனைக்கிறாகளா?"

"அவன் கெடக்கான். வாயத் தொறந்து ஒண்ணு கேக்கத் தெரியாதவன். ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவான், பெறகு சரியாப்போகும். உன்னைச் சிஸ்டருன்னான், அதுக்குக் கோயில்ல தண்டம் கட்டி முறையைச் சரி பண்ணிக்கலாம்னு பூசாரிகிட்டக் கேட்டாச்சு." அத்தை அவள் கையைப் பிடித்தாள். "அண்ணன் என் வாசல்ல காலு வைக்கல செல்லம். நான் பொறந்த வீடு இல்லாம நிக்கிறேன். உங்கப்பனும் உன்னைய இத்தன வருசம் வச்சிருந்து, வந்த மாப்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, இப்ப ஊருக்கு என்ன பதில் சொல்லுவாரு?"

"நான் என்ன செய்யணும் அத்தே?"

"உண்மையச் சொல்லு. வேறென்ன? அவன் உனக்குள்ளவன்னு அவ பாஷையில சொல்லு. ஒனக்குத்தான் அது பூராத் தெரியுமே. ரெண்டே ரெண்டு வார்த்தை. நாளைக்குக் காலைல நாங்க எறங்குறதுக்குள்ள சொல்லிப்புடு. நானும் பக்கத்துல இருக்கேன்."

ஓன் மோய். ஆமாம், இரண்டே வார்த்தைதான். மோய் என்றால் என்னுடையது. சீப்பு, தொப்பி பாடத்தில் வருவது. அவ்வளவு கொஞ்சம் தெரிந்தவளுக்கும் அது தெரிந்திருந்தது. ரசம் தெரியாது, மோர் தெரியாது, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரியாது. ஒருத்தியை அவள் வாழ்க்கையிலிருந்து எழுப்பி அனுப்ப வேண்டியது மட்டும் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எல்லோரும் எழுவதற்கு முன்னால் செல்லக்கிளி தோட்டத்துக்குள் போனாள். ஏலச்செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. தூர்களில் தரையோடு படர்ந்த பூங்கொத்துகளில் தண்ணீர் நின்றது. சொல்லிப் பார்க்கலாம், இங்கே யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்தாள்.

"ஓன் மோய்" என்றாள்.

நடுங்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். குரல் நடுங்கவில்லை. திருத்தமாக, தெளிவாக, புத்தகத்தில் எழுதியிருந்த மாதிரியே வந்தது. அந்தச் சுலபம்தான் அவளை உலுக்கியது. இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை அவன் முகத்தைக் கொண்டுவந்து அந்தச் சொல்லுக்குப் பொருத்தப் பார்த்தாள். ரயிலடியில் குனிந்த தலை வந்தது. கால்விரலைப் பார்த்த கண் வந்தது. ஏழு வருஷம் அவள் படுக்கையில் புரண்டு புரண்டு பேசிக்கொண்டிருந்த ஆள் வரவில்லை. அந்த ஆள் அந்தப் பூங்காப் பெஞ்சை விட்டு எழுந்து வந்தவனே இல்லையோ என்று தோன்றியது. அவன் எனக்கு வேண்டுமா? வேண்டாம் என்று பளிச்சென்று ஒரு பதில் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி வரவில்லை. அத்தை வீட்டுக் கூடம், அப்பாவின் தலை நிமிர்வு, கருத்தம்மாவின் கேலி மாறிப்போவது, தனக்கென்று ஒரு அடுப்பு, எல்லாம் வேண்டும்தான். வேண்டும் என்பது தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

ஆனால் அவனுக்குப் பதிலாக வந்து நின்ற முகம் ராயாவின் முகம். அவள் நம்புவாள். அதுதான் பயங்கரமாக இருந்தது. அத்தை கத்தினாலும், அப்பா முறைத்தாலும் அவளுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காததை நம்பவும் மாட்டாள். இந்த மலையில், இந்த ஊரில், இந்த நாட்டில் அவள் காதில் பேச்சாக விழுவது செல்லக்கிளியின் வாய்ச்சொல் ஒன்றுதான். அது சிறியதாக, குறையாக, சைகையோடு வரும். அதனாலேயே ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிடுவாள். அன்றைக்கு "நியெத்" என்று சொன்னதையும் அப்படித்தான் நம்பினாள். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுப் பக்கமிருந்து குருவம்மாள் கூப்பிட்டாள். "செல்லம், வெரசா வா, உங்கத்தை தேடுது!"

அவள் திரும்பி வந்தபோது ராயா வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். குளித்து, தலைமுடியைத் தோளில் விரித்துப் போட்டிருந்தாள். அத்தை எதிரில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். புறப்படத் தயாராக முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஸ்டோர் வாசலில் அப்பா முதுகைக் காட்டி நின்றார். அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதுமாக ஒரு சோலியும் இல்லாத சோலி.

அத்தை அவளைப் பிடித்து ராயாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ராயா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுப் பெரியவள் மலையேறி வந்து, காலையில் எதிரே உட்கார வைத்துப் பேசுகிறாள் என்றால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள் போல. கன்னம் சிவக்க, "ஓன்?" என்றாள். வந்துவிட்டானா? வேலை கிடைத்துவிட்டதா?

"கேக்குறாள்ல? அவளே கேக்குறா" என்றாள் அத்தை. "சொல்லு ஆத்தா. நான் இருக்கேன், பயப்படாத."

செல்லக்கிளிக்குப் பயமாகத்தான் இருந்தது. இதோடு முடிந்துவிடப் போவதில்லை. போடிக்குப் போக வேண்டும், கோடவுனில் உட்கார வேண்டும், அப்பாவோடு ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும். எல்லாம் தெரிந்தது. ஸ்டோர் வாசலில் விறகு சத்தம் நின்றிருந்தது. அப்பா திரும்பவில்லை. கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.

"நான் சொல்லலத்தே."

"என்னது?"

"சொல்லல."

அத்தை குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று செல்லக்கிளி நினைத்தாள். அத்தை திட்டவில்லை. சடை பின்னிவிடும்போது வரும் அந்தக் குரலில் கேட்டாள்.

"வார்த்தை வரமாட்டேங்குதா ஆத்தா? மறந்துபோச்சா?"

அதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். ஆமாம் அத்தே, மறந்துபோச்சு. ஒரு தலையசைப்பு போதும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் காரியம் கலைந்துவிடும். ஒரு கணம் அவள் அதையும் எடுத்துப் பார்த்தாள்.

"மறக்கல. நல்லா ஞாபகம் இருக்கு. அவுக வந்து சொல்றத அவுக சொல்லட்டும். என் வாயால அது வேணாம்." அத்தையின் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்னையக் கேக்காதீக அத்தே. நான் சொல்ல மாட்டேன்."